பிஹெச் நாலரையில் செத்த பத்துச் செடிகள்

முப்பத்து நான்கு ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிலில் இருந்தேன். அத்தனை ஆண்டுகளில் என் கையால் ஓர் ஆட்டுக்கோ மாட்டுக்கோ உயிர் போனதில்லை. என்னிடம் வந்து சேர்ந்தவை எல்லாம் வருவதற்கு முன்பே செத்துத்தான் வந்தன. நம் தொழிலின் பெரிய வசதி அது. நான் கொன்றது பத்துப் புளூபெர்ரிச் செடிகளை மட்டும்தான். அதையும் முறைப்படி, பிராசஸ் கார்டு எழுதி, வாரம் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொன்றேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை மணி நேரம், தோல் சுழலும் டிரம்மை எப்போது நிறுத்துவது, சாயம் ஏறாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. என்னைவிடத் தெளிவாக இருக்கிறது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். வெள்ளைக் கோட்டுப் பையில் புத்தம் புதிய பிஹெச் மீட்டரைக் குத்திக்கொண்டு திரிகிறீர்களே, அந்த மீட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உபயோகமான கதையைச் சொல்கிறேன். கதையில் தோல் கிடையாது. செடிதான்.

எங்கள் முதலாளி ஆண்டுக்கு ஒருமுறை தோல் கண்காட்சிக்காக இத்தாலி போவார். போகும்போது மாதிரித் தோல்களும் வரும்போது ஒரு புதிய ஆசையும் கொண்டுவருவார். ஓர் ஆண்டு காபி இயந்திரம் வந்தது. ஓர் ஆண்டு ஊழியர்கள் எல்லோரும் காலையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும் என்ற உத்தரவு வந்தது. பாதிப் பேர் அப்படியே தூங்கிப்போனதால் அது ஒரு வாரத்தில் நின்றது. நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டில் வந்தது புளூபெர்ரி. அங்கே எங்கள் தோலை வாங்கும் பையர் ஒருவர் அவரை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். பையரின் மனைவி பின்பக்கத் தோட்டத்துக்குப் போய், செடியிலிருந்து நீலநிறப் பழங்களைக் கிண்ணத்தில் பறித்துவந்து இவர் முன்னால் வைத்திருக்கிறார். அந்தக் கிண்ணத்தோடு இவர் தூக்கம் போயிற்று.

ஊர் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

“சார், நம்ம வீட்ல வளர்க்கணும். பிப்ரவரி கடைசில அவங்க ரெண்டு பேரும் ஆம்பூர் வர்றாங்க. அவன் எனக்கு வெறும் பையர் இல்ல, தோஸ்த். காலைல டேபிள்ல நம்ம தோட்டத்துப் பழம் இருக்கணும்.”

“பாய், அது குளிர் தேசத்துச் செடி. நம்ம ஊர் வெயில்ல...”

“பெங்களூர்ல சூடு தாங்குற ரகம் விக்கிறான். பன்னெண்டு செடி ஆர்டர் போட்டாச்சு. ஆசிட் மண்ணு வேணுமாம். ஆசிட்டுன்னா நம்மகிட்ட இன்னா கம்மியா?”

கடைசி வாக்கியம் என்னை விழவைத்தது. செடிகளோடு நர்சரிக்காரர்கள் ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பியிருந்தார்கள். மண்ணின் பிஹெச் நாலரையிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டும். இயன்றவரை மழைநீர் ஊற்ற வேண்டும். படித்துவிட்டுச் சிரித்தேன். சுண்ணாம்பிலிருந்து பிஹெச் பன்னிரண்டில் வெளிவரும் தோலை, பிக்கிளிங் என்ற அமிலக் குளியலில் போட்டு மூன்றுக்குக் கீழே இறக்குகிறவர்கள் நாம். ஒரு பூந்தொட்டியை நாலரைக்குக் கொண்டுவர எனக்குப் பிரசுரம் வேண்டுமா? மழைநீர் பற்றிய வரியைப் படித்தேன் என்று சத்தியம் செய்ய முடியும். கண்ணால் படித்தேன்.

முதலாளியின் மனைவி பன்னிரண்டு பீங்கான் தொட்டிகள் வாங்கினார். கண்ணாடிக் கூரை போட்ட முன்வராந்தாவில், வெள்ளைப் பளிங்குத் தரையில், இரண்டு வரிசையாக வைத்தார்கள். பளிங்கில் கறை படியக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பீங்கான் தட்டு. தொட்டியின் ஓட்டை வழியாக வடிந்த தண்ணீர் தட்டில் தேங்கும். தட்டில் தேங்கியதை மண் மறுபடி மேலே இழுத்துக்கொள்ளும். வடிகால் இருந்தது, வடிவதுதான் இல்லை.

அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர். ஐம்பது வயது இருக்கும். அதற்கு முன் பத்து ஆண்டுகள் எங்கள் பச்சைத்தோல் குடோனில் உப்பு உதறும் வேலை பார்த்தவர். கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு மடித்து வரும் தோல்களை விரித்து உதறி உப்பைக் கொட்டும் வேலை. கை இரண்டும் வெடித்துப் புண்ணானபோது, முதலாளியின் மனைவி தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டார். பங்களாவின் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் எஸ்தரும் மகளும் இருந்தார்கள். மகள் வேலூரில் நர்சிங் கடைசி ஆண்டு. தினமும் ரயிலில் போய்வருவாள். வேலை போனால் அறையும் போகும். இது எஸ்தருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் பிராசஸ் கார்டு எழுதினேன். தொழிற்சாலையில் ஒரு டிரம்முக்கு எழுதுவதைப்போலவே. பங்களாவின் போர்வெல் தண்ணீரில் நீர்த்த கந்தக அமிலம் கலந்து பிஹெச் நாலரைக்குக் கொண்டுவந்து கேனில் நிரப்புவது எங்கள் லேபின் பொறுப்பு. ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டர், காலை ஏழு மணி. ஊற்றியதும் அந்தத் தொட்டியின் எண்ணுக்கு நேரே ஒரு டிக். கீழே ‘சரிபார்த்தவர்’ என்று ஒரு கட்டம். அதில் சனிக்கிழமைதோறும் என் கையெழுத்து. வராந்தாச் சுவரில் ஆணியடித்துக் கிளிப் பலகையில் மாட்டினேன். அழகாக இருந்தது. செடியைவிட.

எஸ்தர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இன்னா சார் இது, பூச்செடிக்கு ஷிப்ட் போட்ருக்கீங்க?”

“கார்டுல இருக்குறபடி ஊத்து. ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

“மழை பெஞ்சா வெளிய எடுத்து வைக்கலாமா சார்? கூரைக்கு அடியில மழை படாதே.”

“வேணாம். மழைத் தண்ணியோட பிஹெச் நம்ம கன்ட்ரோல்ல இல்ல.”

எஸ்தர் கண்ணாடிக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “சரிங்க சார். மழைகிட்ட சொல்லிடறேன்.”

முதல் மாதம் நான் வென்றேன். சில இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. அமிலம் போதாமல் இரும்புச்சத்து ஏறவில்லை என்பதற்கான அடையாளம் அது. அமிலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இலை பச்சைக்குத் திரும்பியது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “சயின்ஸ்னா சயின்ஸ்தான் சார்” என்று தோளில் தட்டினார். ஒரு மனிதனைக் கெடுப்பதற்கு ஆரம்பத்தில் கிடைக்கும் ஒரு சரியான விடை போதும். அதன்பிறகு அவன் கேள்வியைப் படிப்பதில்லை.

அக்டோபரில் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. மஞ்சள் இல்லை, நெருப்புப் பட்ட காகிதம் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே போகும் பழுப்பு. ஒரு சனிக்கிழமை நான் போனபோது எஸ்தர் தொட்டி ஓரத்தைச் சுட்டிக்காட்டினார்.

“சார், வெள்ளையா பூத்துகினு கீது பாருங்க. நக்கிப் பாத்தேன். உப்பு.”

“நக்கிப் பாத்தியா? ஆசிட் தண்ணி ஊத்துற தொட்டியவா?”

“பத்து வருஷம் உங்க குடோன்ல உப்பு உதறுனவ சார் நானு. மூஞ்சில உப்பு, வாயில உப்பு, சோத்த தொறந்தா அதுலயும் உப்பு. எனக்குத் தெரியாதா?”

நான் மீட்டரை எடுத்து மண்ணில் நனைத்தேன். நாலரை. எஸ்தரின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

“பாத்தியா? நாலரை. கரெக்ட்டா இருக்கு.”

“மிஷினு கரெக்ட்டுன்னுது. இலை கருகுது. ரெண்டுல யாரு சார் பொய் சொல்றது?”

இதற்கு ஒரு விஞ்ஞானி என்ன பதில் சொல்வானோ அதைச் சொன்னேன்: “உனக்குப் புரியாது.”

இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சிரித்துவிட்டு ஒன்றை யோசியுங்கள். நம் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது என்ன? அமிலம் போடுவதற்கு முன் உப்புப் போடு. இல்லாவிட்டால் தோல் ஊதிக் கெட்டுப்போகும். தோல் நம்மிடம் வருவதே உப்பில். அதை அமிலத்தில் காப்பாற்றுவதும் உப்பு. முப்பது ஆண்டுகள் உப்பை அமிலத்தின் தோழனாகவே பார்த்தவன், அது ஓர் உயிரைக் கொல்லும் என்று எப்படி நினைப்பான்? வேறு யாராவது, ஒரு வாத்தியாரோ தபால்காரரோ இந்தச் செடியை வளர்த்திருந்தால், தொட்டியில் உப்புப் பூத்ததும் தண்ணீரை மாற்றியிருப்பார்கள். இந்தத் தவற்றைச் செய்வதற்குத் தோல் தொழில்நுட்பத்தில் முறையான பட்டம் வேண்டும். என்னிடம் இருந்தது.

போர்த் தண்ணீரில் அமிலம் ஊற்றினால் பிஹெச் இறங்கும். அதில் கரைந்திருக்கும் உப்பு எங்கேயும் போகாது. தினமும் ஒரு லிட்டர் ஊற்றி, வெயிலில் நீர் மட்டும் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்கிக்கொண்டே வந்தது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர், என் மேசை இழுப்பறையில் பிஹெச் மீட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டும் ஒரே உறையில். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

இலை கருகுவதற்கு, அமிலம் வேருக்குள் இறங்கவில்லை என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். டிரம்மில் தோலின் உள்ளே அமிலம் போய்ச் சேராவிட்டால் இரண்டாவது தவணை கொடுப்போம் இல்லையா? அதேபோல் காலை ஒரு லிட்டர், மாலை ஒரு லிட்டர் என்று கார்டை மாற்றினேன். உப்பை இரட்டிப்பாக்கினேன்.

எஸ்தர் புதிய கார்டைப் பார்த்தார். “இன்னுமா சார் ஊத்தணும்?”

“எழுதியிருக்குல்ல.”

“எழுதித்தான் கீது” என்று சொல்லிவிட்டு ஆணியில் மாட்டினார். அதன்பிறகு அவர் உப்பைப் பற்றிப் பேசவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன். கீழே இருப்பவர்கள் பேசுவதை நிறுத்திவிட்டால் நாம் எல்லோருமே அப்படித்தான் நினைக்கிறோம்.

நான் வாராவாரம் போனேன். டிரம்முக்கு ஒரு தோலில் ஓரம் வெட்டிப் பார்த்து அத்தனை தோலுக்கும் தீர்ப்புச் சொல்வது நம் வழக்கம். அதன்படி வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மூன்றாம் எண் தொட்டியில் மட்டும் மீட்டரை நனைப்பேன். நாலரை. கையெழுத்து. முதலாளியம்மா அனுப்பும் சுலைமானி டீ. பிறகு கிளம்பிவிடுவேன். செடிகள் மெலிந்துகொண்டு வந்தன. குளிர்காலத்தில் இலை உதிர்வது இயல்பு என்று பிரசுரத்தில் இருந்தது. எனக்குச் சாதகமான வரிகளை நான் எப்போதும் நன்றாகப் படிப்பேன்.

விருந்தாளிகள் வர இரண்டு வாரம் இருந்தபோது முதலாளி என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால், பீங்கான் தொட்டிகளில் துடைப்பக்குச்சிகளை நட்டுவைத்ததுபோல் நின்றன. அவர் ஒன்றைப் பிடித்து வளைத்தார். ஒடிந்தது.

“எத்தனை சார் செத்துச்சு?”

“பத்து, பாய். ஆனா கடைசி ரெண்டு தொட்டி நல்லா இருக்கு. பச்சையா தழைச்சிருக்கு பாருங்க.” அதில் எனக்கு உண்மையாகவே ஒரு பெருமை இருந்தது. பன்னிரண்டில் இரண்டு என்பது முதல் முயற்சிக்கு மோசமில்லை.

அவர் பின்வரிசைக் கோடியில் இருந்த அந்த இரண்டு தொட்டிகளுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சார், இது குரோட்டன்ஸ்.”

நானும் போய்க் குனிந்து பார்த்தேன். குரோட்டன்ஸ்தான்.

“நான் வெச்ச செடிய உருவிகினு குரோட்டன்ஸ சொருகி வெச்சிருக்கா. இன்னா தைரியம்! பத்தைக் கொன்னுட்டா, ரெண்டை வித்துட்டா.” அவர் குரல் ஏறவில்லை. அவர் உண்மையாகக் கோபப்படும்போது குரல் இறங்கும். “வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிட்டு வர்றேன். செடி ஏன் செத்துச்சு, ரெண்டு எங்க போச்சு, எழுதிக் குடுங்க. தப்பு அவமேலன்னா அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடணும்.”

நான் நேராகப் பின்பக்கம் போனேன். முருங்கை மரத்தடியில், எஸ்தர் அறையின் வாசலுக்கு ஒட்டியே, நர்சரியிலிருந்து வந்த அதே கறுப்புப் பைகளில் இரண்டு புளூபெர்ரிச் செடிகள் இருந்தன. இலை அடர்ந்திருந்தது. சின்ன மணிகளைக் கவிழ்த்துவைத்தது மாதிரி வெள்ளைப் பூக்கள். நாலைந்து கொத்தில் காய். சில காய்கள் நீலமாகி மேலே சாம்பல் பூசினாற்போல் இருந்தன. பக்கத்தில் ஒரு நீல டிரம். அதற்குள் பங்களாவின் ஏசிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேலே கொடியில் மகளின் வெள்ளைச் சீருடை காய்ந்தது.

“திருடிட்டேன்றாங்களா சார்?” எஸ்தர் கதவருகே நின்றார்.

“வேற என்ன சொல்லுவாங்க?”

“திருடுறவ வாசல்லயா வெப்பா? தள்ளி வெச்சேன் சார்.”

“யார்கிட்டருந்து?”

“உங்ககிட்டருந்துதான்.”

நான் குனிந்து ஒரு நீலக் காயைத் தொட்டுப் பார்த்தேன்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே எஸ்தர்.”

“சொன்னேனே. உப்புன்னேன். மிஷினைக் காட்டுனீங்க.”

“குரோட்டன்ஸ எதுக்கு வெச்சே? அதாலதானே திருட்டுப் பட்டம்.”

“காலித் தொட்டி இருந்தா அம்மா கேப்பாங்க. மறுபடி உப்புத் தண்ணிக்கே கொண்டு போகச் சொல்லுவாங்க. நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏப்ரல்ல அவளுக்குப் பரீட்சை சார். அதுவரைக்கும் ரூம் இருந்தாப் போதும். அப்புறம் வேணும்னா நானே போய்டறேன். நீங்க இன்னா வேணா எழுதிக்குங்க.”

என் அறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்து அந்த இன்னொரு மீட்டரை எடுத்துவந்தேன். ஏசித் தண்ணீரில் நனைத்தால் எண் எழுந்திருக்கவே இல்லை. போர்த் தண்ணீரில் நனைத்தேன். ஓடியது. நிற்கும் என்று பார்த்தேன், இன்னும் ஓடியது. கடைசியில் அது நின்ற இடம் செடிக்கு ஆகாத இடம். எனக்கும் ஆகாத இடம்.

ஏன் எனக்கு ஆகாது என்பதைச் சொல்கிறேன். பங்களாவும் தொழிற்சாலையும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்கள். கீழே ஓடுவது ஒரே தண்ணீர். எங்கள் உப்பு பூமிக்குள் இறங்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, மாதம் ஒருமுறை போர்த் தண்ணீரின் மாதிரி ஒரு பாட்டிலில் பரிசோதனைக்குப் போகும். அந்தப் பாட்டிலின் சீட்டில் ‘என் முன்னிலையில் பிடிக்கப்பட்டது’ என்று கையெழுத்திட்டவன் நான். பாட்டிலுக்குள் இருந்தது நாட்றம்பள்ளிப் பக்கத்திலிருந்து டேங்கர் லாரியில் வாங்கிய குடிநீர். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் எங்கள் தண்ணீர் தேன் என்று சான்று வந்தது. அந்தச் சான்றைப் படித்துப் படித்து, ஒரு கட்டத்தில் நானே அதை நம்பிவிட்டேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றியிருப்பேனா? நான் போட்ட பொய்க் கையெழுத்தில் முதலில் ஏமாந்தவன் நான்தான்.

ஆக, செடி ஏன் செத்தது என்று உண்மையை எழுதினால், நான் எழுதிய அத்தனை மாதச் சீட்டும் பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். எழுதாவிட்டால் எஸ்தர் வெளியே.

இரண்டு அறிக்கைகள் தயாரித்தேன். முதலாவது இரண்டரைப் பக்கம். அதில் வெப்பநிலை, ஈரப்பதம், ரகத்தின் தகவமைப்புத் திறன் எல்லாம் இருந்தன. ‘பணியாளர் செயல்முறையிலிருந்து விலகியதும் ஒரு காரணியாக இருக்கக்கூடும்’ என்று ஒரு வாக்கியம். ‘கூடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு பெண்ணைத் தெருவில் நிறுத்த நல்ல தமிழில் இருக்கும் வசதி அது. இரண்டாவது அறிக்கை நான்கு வரி. இரண்டரைப் பக்கத்தை இடது சட்டைப்பையிலும் நான்கு வரியைக் கால்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போனேன். எதைக் கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டுப் போனேன் என்று சொல்லத்தான் ஆசை. தீர்மானிக்கவில்லை. எது கைக்கு அருகில் இருந்தது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

முதலாளி தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி மேசைமேல் இருந்தது. அறை முழுக்க அத்தர் வாசனை. எஸ்தரையும் கூப்பிட்டிருந்தார்.

“எடுத்தியா, இல்லியா?”

“எடுத்தேன் முதலாளி. பின்னாடிதான் கீது. பழம் வெச்சிருக்கு.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. “பழமா? எவ்வளவு?”

“ஒரு கிண்ணம் தேறும்.”

“மீதி பத்து?”

“கார்டுல எழுதுனபடி ஊத்துனேன்.” எஸ்தர் முந்தானையிலிருந்து ஒரு கத்தை கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ஆகஸ்டிலிருந்து ஒன்று விடாமல் வைத்திருந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்று முதல் பத்துவரை எல்லாக் கட்டத்திலும் டிக். பதினொன்றும் பன்னிரண்டும் அக்டோபர் நடுவிலிருந்து காலி.

“இது ஏன் காலியா கீது?”

“அதுக்குத்தான் ஊத்தலியே.”

“டிக் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?”

“ஊத்தாததுக்கு எப்படி முதலாளி டிக் போடறது?”

எங்கள் தொழிற்சாலையில் பதிவேடுகள் ஓர் அறை நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். பாதியை நான்தான் எழுதினேன். பொய்யில்லாத பதிவேடு என்று ஒன்றை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

முதலாளியின் விரல் ஒவ்வொரு கார்டிலும் கீழே இறங்கியது. ‘சரிபார்த்தவர்’.

“இது யாரு கையெழுத்து சார்?”

“என்னுது.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு...” எண்ணினார். “பதினேழு வாரம். பதினேழு வாரமும் ரெண்டு கட்டம் காலி. பாத்துட்டுதானே போட்டீங்க?”

இடது சட்டைப்பையில் இரண்டரைப் பக்கம் இருந்தது. ‘பணியாளர் விலகியதும் ஒரு காரணியாக இருக்கக்கூடும்’. விலகினேன் என்று அந்தப் பணியாளரே பதினேழு வாரம் எழுதிக் காட்டியிருந்தார், என் கையெழுத்துக்கு நேர் மேலே. எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். நிற்க இடமில்லாமல் போயிற்று. கால்சட்டைப் பையிலிருந்து மற்றதை எடுத்துக் கொடுத்தேன்.

‘செடிகள் செத்தது போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பினால். அந்தத் தண்ணீரை ஊற்றச் சொல்லி கார்டு எழுதியவன் நான். எஸ்தர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. இரண்டு செடிகள் பிழைத்தது அவர் கார்டை மீறியதால்.’

அவர் இரண்டு முறை படித்தார்.

“மாசாமாசம் தண்ணி ரிப்போர்ட்ல வேற மாதிரி வருதே?”

“அதுலயும் என் கையெழுத்துதான் பாய். பாட்டில்ல டேங்கர் தண்ணி. உங்களுக்கும் தெரியும்.”

எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி காகிதத்தை நான்காக மடித்துத் தன் ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.

“பேஜார் புடிச்ச மனுஷன் சார் நீங்க. இது ஃபைலுக்குப் போகாது.” பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினார். “நீ போ. அந்த ரெண்டு செடியப் பாரு.”

எஸ்தர் நகரவில்லை. “ரூமு, முதலாளி?”

“உன் ரூம்ல நான் வந்து குடியிருக்கப் போறேனா? போம்மா.”

விருந்தாளிகள் வந்தார்கள். காலை மேசையில் சின்னக் கிண்ணத்தில் புளூபெர்ரி இருந்தது. “எங்கள் தோட்டம்” என்றார் முதலாளி. பையரின் மனைவி ஒன்றை வாயில் போட்டுவிட்டு, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே என்று கேட்டார். முதலாளி ஒரு விநாடி என்னைப் பார்த்தார். “அது குடும்ப ரகசியம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் அன்றைக்கு அதைவிட உண்மையாக யாரும் எதுவும் பேசவில்லை.

அடுத்த மாதம் மாதிரிப் பாட்டிலை நானே போர்க் குழாயில் பிடித்து, சீட்டு ஒட்டி, கையெழுத்திட்டு மேசையில் வைத்தேன். அந்தப் பாட்டில் எங்கே போயிற்று என்று தெரியாது. அதற்கடுத்த மாதத்திலிருந்து அந்தக் கையெழுத்தைப் போடும் கௌரவம் வேறொருவருக்குப் போனது. உரிய நாளில் எனக்கு ஒரு சால்வையும் என் நேர்மையைப் பற்றி ஓர் உரையும் கிடைத்தன. கண்ணாடிக் கூரையிலிருந்து பின்தோட்டத்துக்கு மழைநீர்க் குழாய் போட்டார்கள். ஏன் போட்டார்கள் என்று எந்த ஃபைலிலும் இல்லை. நம் தொழிலில் உண்மை அந்த அளவுக்குத்தான் நடைமுறைக்கு வரும், காரணம் எழுதாமல்.

அந்தக் கையெழுத்து நாற்காலியில் இப்போது இருப்பவர் உங்களில் ஒருவராக இருக்கலாம். உங்களுக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை இவ்வளவு நேரம் விளக்கியிருக்கிறேன். கையெழுத்துப் போடுமுன் மேலே இருக்கும் கட்டங்களை ஒருமுறை பாருங்கள், அவ்வளவுதான். காலியாக இருப்பதில்தான் விஷயம் இருக்கும்.

எஸ்தரின் மகள் தேர்வு எழுதி முடித்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தாயும் அவளோடு வந்துவிட்டார். கிளம்பும்போது முதலாளியிடம் கேட்டு ஒரு செடியை எடுத்துக்கொண்டார், அவர் மறுக்கவில்லை. அந்தச் செடி இப்போது அதே வேலூரில், சத்துவாச்சாரியில், என் வீட்டு மாடியில் இருக்கிறது. புது வீட்டில் எஸ்தருக்கு மாடி இல்லை. எனக்கு மாடி இருக்கிறது, ஏசி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் ஏசிக் குழாய்க்கு அடியில், அவர் அனுமதியோடு, என் வாளி இருக்கிறது. செடியோடு எஸ்தர் ஒரு நோட்டும் கொடுத்தார். கட்டம் போட்டது. மேலே பெரிய எழுத்தில், ‘போர் தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்துன அன்னிக்கு மட்டும் டிக்.’

மாதக் கடைசியில் வருவார். முதலில் செடியிடம் போவார். மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். அதன்பிறகுதான் நோட்டைக் கேட்பார். போன மாதம் இரண்டு கட்டம் காலியாக இருந்தது.

“இன்னா சார் இது, பத்தொம்பது, இருவது?”

முட்டி வலியில் மாடி ஏறவில்லை. டிக் போட்டுவிடலாமா என்று நோட்டைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தேன். பழைய பழக்கம்.

“ஊத்தலைம்மா.”

எஸ்தர் அந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பேனாவை வாங்கி, கீழே, எழுத்துக்கூட்டி, தன் பெயரை எழுதினார்.